இருட்டில் பதினோரு வினாடி

"லைட்டப் போடுங்கய்யா!"

முதல் காட்சியின் இரண்டாம் பாதி ஆரம்பித்து நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்றாவது வரிசை ஓர இருக்கையிலிருந்து அந்தக் குரல் வந்தது. உடனே பின்னாலிருந்து ஒரு பெண், "நீங்க வாய மூடுங்க, அது தானா வரும்" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர் எழுந்து வெளியேறினார். இருக்கை படாரென்று மடங்கிக்கொண்டது. அப்புறம் மறுபடியும் இருட்டு.

இருட்டு என்றால் சும்மா மங்கல் இல்லை. கையை மூக்குக்கு முன்னால் ஆட்டினால் காற்று மட்டும்தான் தெரியும். வெளியேறும் வழி என்று எழுதிய இரண்டு பச்சைப் பலகைகள் மட்டும் எரிந்தன. அவற்றையும் அணைக்கச் சொல்லி எங்கள் இயக்குநர் அரங்கத்து மேனேஜரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டித் தோற்றுப்போனார்.

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கத்தரி. எதைக் கொடுத்தாலும் வெட்டுவார். இந்த நாடகத்தில் முதலில் இரண்டு பாட்டை வெட்டினார். பிறகு ஆளுயரக் கோட்டைச் சுவரை வெட்டினார். ஒத்திகையின் மூன்றாவது வாரம் வந்து, "இரண்டாம் பாதிக்கு வெளிச்சம் வேண்டாம்" என்றார். விளக்கு போடுகிற அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

நாடகத்தின் பெயர் 'மூடிய கிணறு'. முழுக்கப் பாட்டாலேயே நடக்கிற கதை. ஊர்க் கிணற்றில் ஒரு குழந்தை விழுந்துவிடுகிறது. சுற்றுச்சுவரைக் கட்டாமல் விட்டது ஊர்ப் பெரியவர்கள். பழி வந்துவிடுமே என்று ராத்திரியோடு ராத்திரியாகக் கல்லைப் போட்டு மூடிவிட்டு, பிள்ளை எங்கேயோ தொலைந்துபோனது என்கிறார்கள். தாய்க்கு மட்டும் கல்லுக்கு அடியிலிருந்து சத்தம் கேட்கிறது. முதல் பாதியில் கலர் கலராக விளக்கு, பதினான்கு பேர் ஆட்டம், எல்லாம் உண்டு. இடைவேளைக்குப் பிறகு, கத்தரியின் கணக்குப்படி, பார்க்க வந்தவர்கள்தான் கிணற்றுக்குள் இருக்கிறார்கள். நாற்பது நிமிடம் எதுவும் தெரியாது. மேல்மாடத்திலிருந்து குரல்கள் வரும். பக்கத்துப் பாதையில் யாரோ பாடிக்கொண்டே நடப்பார்கள். தண்ணீர் சொட்டும்.

அந்தச் சொட்டு என்னுடையது. நான்தான் ஒலிப் பலகை ஆள். கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு மேசை, அதில் மிக்சர், என் காதில் ஹெட்போன். ஒவ்வொரு பாடகருக்கும் ஒரு மைக், ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு ஃபேடர். மேலே தள்ளினால் குரல் வரும், கீழே இழுத்தால் போகும். மற்ற நாடகங்களில் எனக்கு ஒரு குட்டி விளக்காவது இருக்கும். கத்தரி அதையும் பிடுங்கிவிட்டார். மிக்சரில் மினுக்குகிற அத்தனை புள்ளி விளக்குகளையும் கறுப்பு டேப் போட்டு நானே மூடினேன். எந்த ஃபேடர் எதுவென்று விரலால் தெரிந்துகொள்ள, ஒவ்வொன்றின் தலையிலும் டேப்பைச் சின்னச் சின்ன முடிச்சாகச் சுருட்டி ஒட்டியிருந்தேன். ஒன்றுக்கு ஒரு முடிச்சு, இரண்டுக்கு இரண்டு. கண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்தேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அரங்கமே குருடாக உட்கார்ந்திருக்கும்போது என் பத்து விரலுக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்கிற திமிர்.

நான்காம் எண் மைக் என் அக்காவுடையது. அக்காதான் அந்தத் தாய்.

அக்காவுக்குக் கதாநாயகி வேடம் இதுதான் முதல் தடவை. எட்டு வருடம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று பாடியவள். வாய்ப்பு வந்தபோது அவள் இரண்டு மாதக் கர்ப்பம். முதல் காட்சி வரும்போது வயிறு எவ்வளவு தெரியும், முந்தானையை எப்படிப் போட்டால் மறையும் என்று கணக்குப் போட்டாள். மாமா கப்பலில் வேலை, வர இன்னும் நாலு மாதம். விஷயம் தெரிந்தது அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான். அப்புறம், உடை தைக்கிற தையலக்காவுக்கு. அவரிடம் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை இடுப்பளவு எடுத்தபோது டேப்பைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார், "ரெண்டு இஞ்சு துணி உள்ள மடிச்சு விடறேன்மா, தேவைப்பட்டா பிரிச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம்.

அது பிரிக்கத் தேவைப்படவில்லை. முதல் காட்சிக்குப் பத்து நாள் முன்னால், ஐந்தாவது மாதத்தில், குழந்தை போய்விட்டது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வெளியே வந்து, "பாக்கறீங்களா?" என்று கேட்டார். அம்மா உள்ளே போனாள். நான் தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்க எனக்கு நாற்பது நிமிடம் ஆனது.

நாடகக் குழுவிடம் அக்காவுக்குக் காய்ச்சல் என்று சொன்னோம். ஐந்தாவது நாள் அக்கா ஒத்திகைக்குப் போய் நின்றாள். வீட்டில் அம்மா, "பேசாம இருந்தா தானா ஆறும்" என்று சொல்லிவிட்டதால் யாரும் பேசவில்லை. கப்பலிலிருந்து மாமா போனில் அழுதபோது அக்காதான் அவருக்கு ஆறுதல் சொன்னாள். என்னிடம், அம்மாவிடம், ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அதைவிட, கேட்டால் பதில் வந்துவிடுமோ என்று பயம்.

இப்போது முதல் காட்சிக்கு வருகிறேன்.

இருட்டு ஆரம்பித்து இருபதாவது நிமிடத்தில் மூன்று நிமிட மௌனம் உண்டு. பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது, என் சொட்டு மட்டும். தாய் கிணற்றின் மேல் காதை வைத்துக் கேட்கிறாளாம். அந்த நேரத்தில் அக்கா மேடைக்குப் பின்னால் உடை மாற்றுகிற தாழ்வாரத்துக்கு ஓடி, ஈரச் சேலை கட்டிக்கொண்டு திரும்புவாள். அவள் கிளம்பியதும் நான் நான்காம் ஃபேடரை இறக்க வேண்டும். இறக்கினேன். அப்படித்தான் நினைத்தேன். நான் சொட்டுக்கு எதிரொலி கூட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சொட்டும் ஒவ்வொரு மூலையில் விழ வேண்டும் என்று எனக்கு நானே ஒரு வித்தை வைத்திருந்தேன், யாரும் கேட்காத வித்தை. அந்த உற்சாகத்தில் விரல் ஒரு முடிச்சைக் கூடுதலாக எண்ணிவிட்டது. நான் இறக்கியது ஐந்து. ஊர்த்தலைவராக நடிப்பவருடையது. அவர் எப்படியும் அப்போது வாயைத் திறக்க மாட்டார், அதனால் ஒன்றும் தெரியவில்லை.

நாலு மேலேயே நின்றது.

முதலில் மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு துணி சரசரத்தது. பிறகு அக்காவின் குரல், நானூற்றுப் பத்து பேரின் தலைக்கு மேல், இருட்டு முழுக்க.

"அக்கா, இன்னொரு துணி இருக்கா? மறுபடி நனைஞ்சிருச்சு."

தூரத்தில் தையலக்கா: "இந்தாம்மா. கையத் தூக்கு."

"குடிக்க ஆளில்லன்னு இதுக்கு யாராச்சும் சொல்லுங்களேன்."

எனக்குப் புரிய ஒரு வினாடி ஆனது. உடம்புக்குத் தெரியவில்லை. குழந்தை இல்லை என்று அவள் உடம்புக்கு யாரும் சொல்லவில்லை, பால் சுரந்துகொண்டிருக்கிறது, இத்தனை நாளாக அவள் துணி வைத்து மறைத்துக்கொண்டு பாடிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து அறையில் தூங்குகிற எனக்கு இது தெரியாது.

ஃபேடரை இறக்க அரை வினாடி போதும். நான் பதினோரு வினாடி விட்டேன். பிறகுதான் கை நகர்ந்தது.

அரங்கத்தில் ஒருவரும் இருமக்கூட இல்லை. லைட்டைப் போடச் சொன்ன பெரியவரும் பேசவில்லை. எங்கோ ஒரு பெண் விசும்புவது கேட்டது. யாரோ, "என்ன கண்றாவி இது" என்று முணுமுணுத்து எழுந்து போனார். தாழ்வாரத்தில் ஸ்பீக்கர் கிடையாது, இரண்டு கதவு வேறு. அக்காவுக்கு எதுவும் தெரியாது. அவள் ஈரச் சேலையோடு மேல்மாடத்துக்கு ஏறி, கடைசிப் பாட்டைப் பாடினாள். எப்போதும் போலத்தான் பாடினாள். கேட்டவர்களின் காதுதான் மாறியிருந்தது.

எங்களுடையது மதியம் மூன்று மணிக் காட்சி. இருட்டிலிருந்து வெளியே வந்தவர்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிக்கட்டிலேயே சண்டையைத் தொடங்கினார்கள். நான் கேபிள் சுருட்டுகிற சாக்கில் வாசலுக்குப் போய் நின்றேன்.

"போன வாரந்தான் கண்ணு ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். எதுக்கு? இந்த இருட்டப் பாக்கறதுக்கா?" இது மூன்றாவது வரிசைப் பெரியவர், கையில் குடை.

"பாக்கறதுக்கு இல்ல சார், கேக்கறதுக்கு."

"அப்ப ரேடியோல போட வேண்டியதுதானே? நான் வீட்டுலயே காலை நீட்டிக்கிட்டுக் கேட்டிருப்பேன்."

"அந்தப் பால் வசனத்துக்கப்புறம் எனக்கு வேற எதுவுமே காதுல ஏறல" என்றாள் ஒரு பெண்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். அதெல்லாம் மேடைல பேசற விஷயமா? வயசுப் பொண்ணக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றார் வேறொருவர்.

"ஏன், நீங்க பவுடர் டப்பாலேருந்தா பொறந்தீங்க?"

அவர் கோபத்தில் செருப்பைத் தப்பான காலில் மாட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம், இது மாதிரி ஒரு நாடகம் வந்ததே இல்லை என்றார்கள். இன்னொரு பக்கம், ஒப்பாரியைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்றார்கள். நடுவில் யாரும் இல்லை. நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டே இருந்தேன். அது அரை மணி நேரத்துக்கு முன்பே முழுக்கச் சுருட்டியாகிவிட்டது.

முதுகில் ஒரு கை விழுந்தது. கத்தரி.

"ஒயரு, அது என்னது?"

என் பெயர் இங்கே ஒயரு. "எது சார்?"

"நடிக்காத. மௌனத்துல வந்துச்சே. யார் எழுதினது?"

தவறுதலாக மைக் திறந்திருந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி: அப்ப அவங்க பேசினது நெஜமா? அதற்கடுத்து மொத்தக் குழுவுக்கும் தெரியும். இப்படியெல்லாம் அக்காவுக்காக யோசித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். முதலில் எனக்கு வந்தது பயம், வேலை போய்விடும் என்கிற பயம். மற்றதெல்லாம் பிற்பாடு சேர்த்துக்கொண்டது.

"நானும் அக்காவும் சும்மா ஒண்ணு முயற்சி பண்ணோம் சார்."

அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். வெட்டுவதைத் தவிர அவர் செய்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான். "நாளைக்கும் வேணும்" என்றார்.

தையலக்கா வாசல் கதவுக்கு உள்பக்கம் நின்று வெளியே பேசியதையெல்லாம் கேட்டிருக்கிறார். கத்தரி போனதும் வந்தார். "உன் காதுல ஹெட்போன் மாட்டிக்கறியே, அது என்னடா, தோடா?"

"அக்கா, கை தவறிருச்சு..."

"கை தவறினது சரி. வாயுமா தவறுச்சு? முயற்சி பண்ணோம்னு சொன்னியே, அது எந்தக் கை?" பிறகு குரலைத் தணித்து, "இன்னைக்கே அவகிட்ட நீயே சொல்லிரு. வேற யார் வாயிலேருந்தும் அது அவ காதுக்குப் போகக் கூடாது" என்றார்.

சொல்லத்தான் நினைத்தேன். பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, பத்து நாளில் முதல் தடவையாகத் தானாகப் பேசினாள். "கடைசிப் பாட்டுல மேல நிக்கறேன்ல, கீழ ஒரு மூச்சு சத்தம்கூட இல்லடா. அத்தனை பேரும் கட்டிப் போட்ட மாதிரி. நான் நல்லாப் பாடினேனா?"

"சூப்பரா பாடினக்கா."

"நெஜமா?"

"சத்தியமா."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சொல்வது? வீட்டில் சொல்லலாம் என்று விட்டேன். வீட்டில் அம்மா இருந்தாள். காலையில் சொல்லலாம் என்று விட்டேன். காலையில் அவள் குளிக்கப் போய் வெகுநேரம் வரவில்லை, தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது, எதற்கென்று இப்போது எனக்குத் தெரியும், அதனால் அப்போதும் சொல்லவில்லை.

மறுநாள் காட்சிக்கு முன் கத்தரி எல்லோரையும் மேடையில் வட்டமாக உட்கார வைத்தார். அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து பாதிப் பேரு என்னைத் திட்டிட்டுப் போனாங்க. சந்தோஷம். ஆனா அந்த மௌனத்துல ஒரு வரி வந்துச்சு பாருங்க." கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "'குடிக்க ஆளில்லன்னு இதுக்கு யாராச்சும் சொல்லுங்களேன்.' இருபது வருஷமா நாடகம் போடறேன். எனக்கு இப்படி ஒண்ணு எழுத வரலை."

எல்லோரும் அக்காவைப் பார்த்துக் கை தட்டினார்கள். ஊர்த்தலைவர் வேடக்காரர், "எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சும்மா" என்றார்.

அக்கா பாட்டில் மூடியைத் திருகினாள். அது மூடிக்கொண்டது. அதற்குமேலும் திருகிக்கொண்டே இருந்தாள். அப்படியே என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. வழி தெரியாத ஊரில் இறங்கியவள் பெயர்ப் பலகையைத் தேடுவது போல என் முகத்தில் எதையோ தேடினாள்.

"ஒயரு சொன்னான், ரெண்டு பேரும் சேந்து பண்ணீங்களாமே. என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் கத்தரி.

அவள் பாட்டிலை மடியில் வைத்தாள்.

"சொன்னா நீங்க வெட்டிருவீங்கன்னுதான் சார்" என்றாள் அக்கா.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கத்தரியும்தான். அவளும் சிரித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

பிறகு தாழ்வாரத்தில், "கதவச் சாத்து" என்றாள். சாத்தினேன். உடைகள் தொங்குகிற கம்பிக்கு நடுவில் நின்றோம்.

"எத்தன பேரு?"

"நானூத்திப் பத்து."

"எவ்ளோ நேரம்?"

"பதினோரு செகண்ட்."

"உன் ஹெட்போன்ல முதல் வார்த்தையிலயே கேட்டிருக்குமே."

"கேட்டுச்சு."

"அப்ப ஏன்டா அணைக்கல?"

பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. "நீ பேசினக்கா. பத்து நாளா நீ அதப் பத்திப் பேசவே இல்ல. நான்... கேட்டுட்டே நின்னுட்டேன்."

அவள் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சுக்கணும்னா பக்கத்துல வந்து உக்காந்திருக்கலாமேடா. ஒரே வீட்டுலதானே இருக்கோம்."

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. "நான் போய் சார்கிட்ட உண்மையச் சொல்லிடறேன். என்னைத் தூக்கட்டும், பரவால்ல" என்றேன்.

"சொல்லி? இந்த வாசல் தாண்டி உள்ள வந்தா நான் வேற ஒருத்திடா. இங்க என்னைத் திட்டறாங்க, கிண்டல் பண்றாங்க, சுருதி எறங்குதுன்னு கத்தறாங்க. எனக்கு அது வேணும். வீட்டுல பாரு, அம்மா என் முன்னாடி தட்டு வைக்கறப்பகூட சத்தம் வராம வைக்கறா. இங்க தெரிஞ்சா இத்தனை பேரும் அப்படித்தான் தட்டு வைப்பாங்க. அப்புறம் நான் எங்க போறது?"

"அப்ப இன்னைக்கு?"

"வசனம்னு சொல்லியாச்சுல்ல. வசனமாவே இருக்கட்டும். சொல்லலன்னாதான் ஏன்னு கேப்பாங்க." எழுந்து சேலை மடிப்பைச் சரிசெய்தாள். "நான் கதவு கிட்ட வந்ததும் நாலை ஏத்து. முடிஞ்சதும் எறக்கு. ஒரு செகண்ட் கூடக் கூடாது."

அன்றைக்கு ஏற்றினேன். சொன்னாள். இறக்கினேன். பதினோரு வினாடி, அச்சு அசல் முதல் நாள் மாதிரியே. தையலக்காவும் "இந்தாம்மா, கையத் தூக்கு" என்றார், வேறு வழியில்லாமல். ஃபேடரை இறக்கினாலும் என் ஹெட்போனில் மட்டும் மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அது எங்கள் வேலைக்காக உள்ள வசதி. இறக்கிய கையோடு நான் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டேன். அதற்கப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

செய்தி பரவிவிட்டது. மூன்றாவது காட்சிக்கு ஆட்கள் அந்த வரிக்காகவே வந்தார்கள். மௌனம் ஆரம்பித்ததும் இருட்டில் ஒரு சலசலப்பு, நெளிந்து நிமிர்ந்து உட்காருகிற சத்தம், பிறகு மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருப்பார்கள். வரி முடிந்ததும் ஒரு மூலையில் விசும்பல், இன்னொரு மூலையில் இருக்கைகள் மடங்குகிற படபட. முதல் நாள் பதினொரு பேர் எழுந்து போனார்கள் என்றால் நான்காம் நாள் முப்பது பேர். அதே அளவு புதிய ஆட்கள் வாசலில் நின்றார்கள். போனில் எல்லாம் இதே சண்டை. ஒருவர் அதை ஆபாசம் என்று எழுதினார், இன்னொருவர் அதற்குப் பதிலாக இரண்டு பக்கம் எழுதினார். அந்த வரியை எழுதியவன் ஒரு ஆணாகத்தான் இருக்க முடியும், பெண்ணின் வலி அவனுக்கு எங்கே தெரியப் போகிறது என்று ஒருவர் விளாசியிருந்தார். அதை அக்கா படித்தாள். "பாருடா, உன்னைத் திட்டியிருக்காங்க" என்றாள். நான் சிரிப்பதா என்று தெரியாமல் அவளைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது வரிசைப் பெரியவரும் தினமும் வந்தார். தினமும் நாலாவது நிமிடத்தில் லைட்டைப் போடச் சொன்னார். தினமும் யாராவது அவரைத் திட்டினார்கள். மேனேஜர் அவரைத் தடுக்கலாமா என்று கேட்டதற்குக் கத்தரி, "அவர் இல்லன்னா எனக்கு நாடகமே நடக்காது" என்று சொல்லிவிட்டார்.

ஆறாவது காட்சி.

மௌனம் வந்தது. விரலால் நான்கு முடிச்சை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு நாலை ஏற்றினேன். மூச்சு. அப்புறம் துணி சரசரக்க வேண்டும். ஐந்து காட்சியிலும் அது இருந்தது: உள்ளே கை விட்டு நனைந்ததை எடுக்கிற சத்தம், பிறகு புதுத் துணியை உதறுகிற சத்தம். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனிப்பேன், என் பிழைப்பே அதுதான். இன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை.

"அக்கா, இன்னொரு துணி இருக்கா? மறுபடி நனைஞ்சிருச்சு."

குரல் எப்போதையும்விட நன்றாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தெளிவு. 'மறுபடி'க்குப் பிறகு ஒரு சின்ன நிறுத்தம். அது முன்பு இருந்ததில்லை. தையலக்கா தன் வரியைச் சொல்லக் கொஞ்சம் தாமதித்தார்.

"குடிக்க ஆளில்லன்னு இதுக்கு யாராச்சும் சொல்லுங்களேன்."

இருட்டில் ஓர் ஆண் வாய்விட்டு அழுதார். கை தட்டக் கூடாத இடத்தில் யாரோ கை தட்டினார்கள். வேறு யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். நான் ஃபேடரை இறக்கினேன். ஹெட்போனைக் கழற்றினேன். மடியில் அது முனகுவது மாதிரி இருந்தது, நான் எடுத்துக் காதில் வைக்கவில்லை.

காட்சி முடிந்து அக்காவும் நானும் பின்வாசல் வழியாக வெளியே வந்தபோது பெரியவர் குடையோடு அங்கே நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது. சண்டைக்குத்தான் நிற்கிறார் என்று நான் முன்னால் போனேன். அவர் என்னை ஒதுக்கிவிட்டு அக்காவிடம் போனார்.

"அம்மா, முதல் நாளே நான் கத்தினவன். அந்த வரி எனக்குப் பிடிக்கல. நாலஞ்சு நாளாக் கேக்கறேன், ஏதோ அவசரத்துல சொல்ற மாதிரி, வாயிலயே முழுங்கற மாதிரி இருக்கும். இன்னைக்குத்தாம்மா நெஜமா இருந்துச்சு."

"ரொம்ப நன்றிங்க ஐயா" என்றாள் அக்கா.

"இருட்டு மட்டும் எனக்கு இன்னும் பிடிக்கல. அதயும் உங்க ஆளுகிட்ட சொல்லிருங்க."

"சொல்றேங்க."

பஸ் நிறுத்தத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. சாயங்கால வெயில் எதிர்க்கட்டிடத்து ஜன்னல்களில் பட்டு எங்கள் மேல் விழுந்தது. அக்கா அதற்குக் கண்ணைச் சுருக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

நானே கேட்டேன். எப்படிக் கேட்பது என்று இன்னும் தெரியவில்லை, ஆனாலும் கேட்டேன். "நின்னுருச்சாக்கா?"

அவள் தலையாட்டினாள். "காலைலேருந்து இல்ல. மத்தியானம்வரைக்கும் துணி வச்சுத்தான் இருந்தேன். எடுத்துப் பாத்தா அப்படியே மடிச்சது மடிச்சபடி காஞ்சு கெடக்கு." கைப்பையின் வாரைச் சுருட்டி விரலில் சுற்றினாள். "தையலக்கா சொன்னாங்க, நல்லதும்மா, உடம்பு தேறிருச்சுன்னு. நானும் ஆமாங்கக்கான்னேன்."

நான் அவள் பக்கத்தில் நெருங்கி நின்றேன்.

"இன்னும் அஞ்சு காட்சி இருக்குக்கா. நீ சொல்ல வேணாம். நான் ஏத்தவே மாட்டேன். மைக் ரிப்பேர்னு சொல்லிடறேன். சார் கத்துவாரு, கத்தட்டும். யாருக்கும் எதுவும் தெரியாது."

பஸ் தூரத்தில் திரும்பியது. நான் கையைக் காட்டினேன்.

"வேணாம்டா. நீ ஏத்து."

"ஏன்க்கா? இப்பதான் அது..."

"வீட்டுல யாரும் அவளப் பத்திப் பேசறதில்ல. உன் மாமா போன்ல அழறாரு, அவளப் பத்திப் பேசறதில்ல. இப்ப என் உடம்பும் பேசறதில்ல." பஸ் வந்து நின்றது, கதவு திறந்தது, அவள் ஏறவில்லை. "அத சொல்றப்பவாச்சும் அப்படி ஒருத்தி இருந்த மாதிரி இருக்கு. கேக்கறவங்க பாதிப் பேரு திட்டினாலும் சரி."

டிரைவர் ஹார்ன் அடித்தார். அக்கா ஏறினாள். நான் பின்னாலேயே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரெண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, "அவ யார் மாதிரிக்கா இருந்தா?" என்று கேட்டேன். அக்கா ஜன்னலிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள்.